ஜாடிக்கு ஓர் இடைக்கால உத்தரவு

மழை பிடித்துக்கொண்டபோது இன்சிக் மொட்டை மாடியில் ஒரு ஜாடிக்குக் குடை பிடித்தபடி நின்றிருந்தார். ஜாடியின் மூடி கைக்கெட்டும் தூரத்தில் கவிழ்ந்து கிடந்தது. எடுத்து மூடுவது கண்சிமிட்டும் நேரத்து வேலை. ஆனால் அந்த மூடியைத் தொட்டால் மனைவி தன்னை விட்டு ஒரேயடியாகப் போய்விடுவாள் என்று அவர் நம்பினார். அதனால் ஜாடி நனையாமல் இருந்தது, அவர் நனைந்துகொண்டிருந்தார்.

கொடியில் காய்ந்த துண்டுகளை அள்ளிக்கொண்டு போகப் பாங் அக்கா மூச்சிரைக்க மேலே வந்தாள். கீழ்த்தளத்தில் முடி சுருட்டும் பார்லர் நடத்துபவள். இன்சிக்கின் வீட்டில் வாடகைக்கு இருப்பவள் என்றாலும், யார் வீட்டுக்காரர், யார் குடியிருப்பவர் என்பது அவள் பேசும் தொனியிலிருந்து யாருக்கும் விளங்காது.

"என்ன வீட்டுக்காரரே, ஜாடிக்குச் சளி பிடிச்சிடும்னு பயமா?"

"மூடி திறந்திருக்கு அக்கா."

"கண்ணு எனக்கும் இருக்கு. மூடுங்க."

"எப்படி மூடுறது? அவ வீட்டை விட்டுப் போன அன்னைக்கு இது திறந்துதான் இருந்துச்சு. இருந்தது இருந்தபடி இருக்கணும்னு கோர்ட் உத்தரவுன்னு நீங்கதானே படிச்சுச் சொன்னீங்க?"

பாங் அக்கா வானத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள்.

விஷயம் இதுதான். ஜொன்ஜு நகர அருங்காட்சியகத்தில் மண்பாண்ட அறைக்கு இன்சிக் காவலர். மூலையில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பானைகள் போன வருடம் எப்படி இருந்தனவோ அப்படியே இந்த வருடமும் இருந்தன. வீடும் அப்படித்தான் என்று அவர் நினைத்திருந்தார். மாலையில் வந்ததும் மொட்டை மாடி மரமேடையில் மல்லாந்து படுத்து மேகம் பார்ப்பார். அவருக்குக் கீழே தரை பளபளவென்று இருக்கும், சோறு வெந்திருக்கும், துணி மடிந்திருக்கும். இதெல்லாம் தானாக நடப்பவை என்பது அவருடைய இருபத்துச் சொச்ச வருடத் தாம்பத்தியத்தின் முடிவு.

மனைவி மிரான் சத்தம் போடாமல் இல்லை. மழை வந்தால் ஜாடியை மூடுங்கள் என்று சொல்லியிருக்கிறாள், கெஞ்சியிருக்கிறாள், ஒருமுறை அழுதும் இருக்கிறாள். இன்சிக் கெட்டவர் அல்ல. எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்வார். சொல்லிவிட்டு மேகத்தைப் பார்ப்பார்.

அப்புறம்தான் அந்தத் தாமரைக் குளம் வந்தது. ஊருக்கு வெளியே பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியே பார்த்தது. விற்பனைக்கு என்று பலகை நட்டிருந்தார்கள். அன்றிலிருந்து இன்சிக்கின் தலைக்குள் தாமரை பூக்க ஆரம்பித்துவிட்டது. வீட்டை விற்றுவிட்டு அந்தக் குளத்தை வாங்க வேண்டும், கரையில் ஒரு சின்னக் குடில், மிரானும் தானும் உட்கார்ந்து பூ விரிவதைப் பார்க்க வேண்டும். மிரானுக்கு இது ஓர் இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லாமலே தரகரிடம் போய்ச் சொன்னார்.

தரகர் அளவு நாடாவோடு வந்த காலைப்பொழுது அந்த வருடச் சமையலுக்கான சோயாச் சாறு ஊறப்போடும் நாள். குளிர்காலம் முழுக்கக் கயிற்றில் தொங்கிக் காய்ந்த சோயாக் கட்டிகளைக் கழுவி ஜாடியில் அடுக்கி, வடிகட்டிய உப்புத் தண்ணீரை மிரான் குடம் குடமாக மாடிக்குச் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். தரகர் அவளைத் தாண்டி நாடாவை இழுத்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார், "அம்மா, இந்த ஜாடிங்களும் வீட்டோட சேர்த்திதானே?"

மிரான் குடத்தைத் தூக்கினாள். மீதி உப்புத் தண்ணீரையும் ஊற்றினாள். கெட்டுப்போகாமல் இருக்கக் கரித்துண்டையும் சிவப்பு மிளகாயையும் மேலே மிதக்கவிட்டாள். கை கழுவினாள். பையில் துணி அடுக்கினாள். கடலோர யொசுவில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போவதாகவும், இனி பார்ப்பதாக இருந்தால் கோர்ட்டில் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். இன்சிக் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தபோது தெருவில் அவளைக் காணவில்லை. எவ்வளவு வேகமாக நடந்துவிட்டாள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

கொஞ்ச நாளில் கோர்ட்டிலிருந்து கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினார். படிக்கக் கண்ணாடி வேண்டுமே. கண்ணாடியை அவர் எங்கே வைப்பார் என்பது மிரானுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவள் போன அன்றோடு அதுவும் போய்விட்டது. கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். அங்கே பாங் அக்கா ஈரத் துண்டுகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு காலத்தில் கோர்ட்டில் தரை துடைத்தவள், அதனால் அந்தத் தெருவின் சட்டம் எல்லாம் அவள் பொறுப்பில் இருந்தது.

அவள் முதலில் மனதுக்குள் படித்தாள். பிறகு காலடியில் இருந்த தரையைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தாள். அவளுடைய கண்ணில் தூக்கமில்லாத களைப்பு இருந்தது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தாள்.

இது இடைக்கால உத்தரவு. வழக்கு முடிகிறவரைக்கும் மனைவி விட்டுப் போனபோது வீடு எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஜாடி, பாத்திரம், செடி, தரை எல்லாம் இதில் அடக்கம். கணவரால் எது ஒன்று கெட்டாலும் அந்த நிமிடமே விவாகரத்து.

முதல் பாதியைக் கேட்டபோது இன்சிக்குக்கு உள்ளூரக் குளிர்ந்தது. எதையும் மாற்றாமல் சும்மா இரு என்று ஒரு நீதிபதி முத்திரை வைத்துச் சொல்லிவிட்டார். தன்னுடைய சுபாவத்தை இவ்வளவு பெரிய இடத்தில் புரிந்துகொள்வார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இரண்டாம் பாதியை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். அவருக்கு விவாகரத்து வேண்டாம். மிரான் வேண்டும். அவள் இல்லாத வீட்டில் தாமரைக் குளத்தை நினைக்கக்கூடப் பிடிக்கவில்லை, நினைத்தால் அதில் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

ஆக, அதனால்தான் மழையும் குடையும்.

பாங் அக்கா உத்தரவை எடுக்கச் சொன்னாள். இன்சிக் சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையோடு எடுத்துக் கொடுத்தார். அவள் அதை ஒரு துண்டுக்கு அடியில் வைத்து மறுபடி படித்தாள். இருந்தபடி என்றால் இடத்தைச் சொல்லவில்லையாம், தரத்தைச் சொல்கிறதாம். மிரான் கையில் இருந்தபோது எப்படி இருந்ததோ அந்தப் பக்குவத்தில் எல்லாம் இருக்க வேண்டுமாம். அதற்கு மழை வந்தால் மூடவும் வெயில் வந்தால் திறக்கவும் தூசி படிந்தால் துடைக்கவும் வேண்டுமாம்.

"அதெல்லாமா எழுதியிருக்கு?"

"சட்டத்துல எல்லாத்தையும் விரிச்சு எழுதமாட்டாங்க. நாமதான் புரிஞ்சுக்கணும்."

நிம்மதியோடு இன்சிக் மூடியை எடுக்கக் குனிந்தார். குடை ஒரு கையில் சரிந்தது. அடித்த காற்றில் அது மேல்நோக்கி மடங்கிப் பெரிய கிண்ணமாகி, மழையை வாங்கி நிரப்பிக்கொண்டு, அவர் நிமிர்வதற்குள் மொத்தத்தையும் ஜாடிக்குள்ளேயே கொட்டியது.

மிளகாய் ஒன்று சுற்றிச் சுற்றி வந்து நின்றது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் இன்சிக் ஒரு புதிய உலகத்தைக் கண்டார். அது அவருடைய சொந்த வீடுதான். கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லாத பொருள்கள் எல்லாம் சும்மா இருக்கச் சம்மதிப்பதில்லை என்று தெரிந்தது. துடைத்த தரையில் மறுநாள் மஞ்சள் தூசி. வசந்தம் வந்தால் மேற்கிலிருந்து அந்த மணல் காற்று வரும் என்பது ஊருக்கே தெரியும், ஆனால் அது தன் வீட்டுக்குள்ளும் வரும் என்பது அவருக்குச் செய்தி. ஜன்னலைச் சாத்தினார். சாத்திய ஜன்னலின் ஓரத்தில் சுவர் வியர்த்துக் கறுத்தது. திறந்தார். தூசி வந்தது. செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்பதால் வாடியது, ஊற்றியதால் அழுகியது. குளிர்பெட்டியில் மிரான் வைத்துவிட்டுப் போன முள்ளங்கி ஊறுகாயின் புளிப்பு ஏறிக்கொண்டே போய், டப்பா தானாக மூடியைத் தூக்கி அவரைப் பார்த்தது.

ஒரு நாள் தரையில் முட்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வீடு மாறாமல் இருந்ததே இல்லை. அது ஒவ்வொரு நாளும் மாறப் பார்த்திருக்கிறது. ஒருத்தி ஓடி ஓடி அதைப் பிடித்து நிறுத்தியிருக்கிறாள். அந்த நேரத்தில் அழலாம் என்றுதான் நினைத்தார், ஆனால் வாளித் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் ஜாடியின் மேல் வெள்ளையாக ஏடு படர்ந்தது.

மாடியில் துண்டு உலர்த்த வந்த பாங் அக்காவைப் பிடித்துக் கேட்டார். பாங் அக்காவுக்குச் சமையல் என்றால் பொட்டலத்தைக் கிழித்துக் கொதிநீர் ஊற்றுவது. ஆனாலும் சட்டத்துக்கு அதிகாரி ஆனபிறகு தெரியாது என்று சொல்ல முடியாதே. உப்புப் போடுங்கள் என்றாள். போட்டார். உப்புச் சரியா என்று பார்க்க ஒரு முட்டையை மிதக்கவிட வேண்டும் என்பது இன்சிக்குக்கும் தெரியும். மிரான் மிதக்கவிடும்போது முட்டையின் மண்டை மட்டும் ஒரு காசு அளவுக்கு வெளியே தெரியும். இவர் விட்ட முட்டை படகு மாதிரி முழுதாக மேலே நின்று ஆடியது. தண்ணீர் ஊற்றினார், முட்டை மூழ்கியது. உப்புப் போட்டார், எழுந்தது. தண்ணீர், மூழ்கியது. முட்டை ஒருவழியாகக் காசு அளவுக்கு வந்தபோது ஜாடி விளிம்பு வரைக்கும் ததும்பியது. கூடியதை ஒரு குண்டானில் எடுத்தார். அப்புறம் கெட்டிலில். அப்புறம் சோறு வைக்கும் பாத்திரத்தில். அதன் பிறகு அந்த வீட்டில் சோறு பொங்க முடியவில்லை. இது புதிதாக உண்டான சொத்து ஆயிற்றே, இதில் மிரானுக்குப் பாதி உண்டா என்று வேறு கவலை வந்தது. உண்டு என்றாள் பாங் அக்கா, யோசிக்காமல்.

ஏடு மட்டும் போகவில்லை. பாங் அக்கா நகத்தைக் கடித்தாள். கடையில் ஒரு வாடிக்கைக்காரி இருக்கிறாள், இதில் கைதேர்ந்தவள், பொதுவாகக் கேட்டுப் பார்க்கிறேன் என்று கீழே போனாள். வரும்போது பதில் கச்சிதமாக வந்தது. ஏட்டை மெல்ல வழித்தெடுக்க வேண்டும். வெயிலில் மூன்று நாள் திறந்து வைக்க வேண்டும். வாயில் மெல்லிய வலை கட்ட வேண்டும். உப்பைக் கொட்டச் சொன்ன முட்டாள் யார் என்றும் அந்த வாடிக்கைக்காரி கேட்டாளாம். அதைச் சொல்லும்போது பாங் அக்காவின் முகம் கொஞ்சம் சிவந்திருந்தது.

வலைக்கு எங்கே போவது? பாங் அக்கா தன் கடையிலிருந்து தலைக்குப் போடும் வலை ஒன்றைக் கொண்டுவந்து ஜாடியின் வாயில் மாட்டினாள். வெயிலில் அந்த ஜாடி சுருள் வைத்துக்கொண்டு காய உட்கார்ந்த பருத்த அம்மாள் போல இருந்தது. சுற்றிலும் வெள்ளைத் துண்டுகள் காற்றில் எழுந்து எழுந்து அமர்ந்தன. உப்பும் கரியும் பழைய சோயாவும் கலந்த ஒரு வாசனை மாடி முழுவதும் மிதந்தது. மரமேடையில் உட்கார்ந்து மேகம் வருகிறதா என்று இன்சிக் காவல் காத்தார். முன்பும் மேகத்தைத்தான் பார்த்தார், இப்போதும் மேகத்தைத்தான் பார்க்கிறார். ஆனால் இப்போது ஒவ்வொரு மேகத்தின் மேலும் அவருக்குச் சந்தேகம் இருந்தது.

ஓய்வு நாள் மதியங்களில் தரையிலேயே கண்ணயர்வார். அப்போதெல்லாம் ஒரே கனவு. யொசுவின் கடல் வீட்டுக்குள் வந்திருக்கும். தரை முழுக்கத் தண்ணீர், பச்சையாக, தெளிவாக. அதற்கு அடியில் மிரான் கூடையோடு நடந்து போவாள். நடுவில் இருமுவாள். இருமிவிட்டு இரண்டு தும்மல் போடுவாள், எப்போதும் போல, இரண்டாவது தும்மல் சின்னதாக. அவர் விழித்துக்கொள்வார். காதைத் தரையில் வைத்துப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. ஆனாலும் அவள் பக்கத்தில் இருக்கிற மாதிரியே இருக்கும். இத்தனை வருடம் அவள் நடந்த தரை ஆயிற்றே, அவளுடைய சத்தத்தை உள்ளே சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது என்று முடிவு செய்தார். இதைப் பாங் அக்காவிடம் ஒருநாள் சொன்னார். அவள் கையில் இருந்த துண்டைக் கீழே போட்டுவிட்டாள். தரைக்குக் கனமான கம்பளம் ஒன்று போட்டால் கனவு வராது என்று யோசனை சொன்னாள். மாற்றம் செய்யக் கூடாதே என்றார் இன்சிக். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

மே மாதம் வந்தது. மலைப் பக்கமிருந்து பைன் மகரந்தம் மஞ்சளாகப் பறந்துவந்து ஜாடிகளின் தோளில் படிந்தது. தினமும் ஈரத்துணியால் துடைத்தார். அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் பெரிய சங்கடம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வருடமும் இந்த மகரந்தம் பறக்கும் நாளில்தான் மிரான் ஜாடியைப் பிரிப்பாள். ஊறிய கட்டிகளை வெளியே எடுத்து உதிர்த்து வேறு ஜாடியில் அமுக்குவாள், அது விழுதாகும். மிஞ்சும் கறுப்புத் தண்ணீர் சாறாகும்.

பாங் அக்கா மறுபடி வாடிக்கைக்காரியைக் கேட்டு வந்தாள்.

"இந்த வாரத்துக்குள்ள பிரிக்கணுமாம். விட்டா சாறு கசந்துடும், கட்டியும் உதவாதாம். ரெண்டும் போச்சுன்னு சொல்றா."

"பிரிச்சா?"

"பிரிச்சா என்ன?"

"ஒரு ஜாடி ரெண்டு ஜாடியாகும். இருந்தபடி இருக்கணும்னு உத்தரவு. அந்த நிமிஷமே விவாகரத்து."

பாங் அக்காவிடம் முதல் முறையாகச் சட்டம் தீர்ந்துபோயிருந்தது. "அதைப் பத்தி உத்தரவு ஒண்ணும் சொல்லல" என்று மட்டும் சொன்னாள். அது உண்மைதான்.

அருங்காட்சியக நாற்காலியில் இன்சிக் இரண்டு நாள் இதையே யோசித்தார். பிரித்தால் கோர்ட்டு அவளைப் பிரித்துவிடும். பிரிக்காவிட்டால் சாறு கெடும், சாற்றைக் கெடவிட்ட மனிதனிடம் மிரான் எந்தக் கோர்ட்டு சொன்னாலும் திரும்பி வரமாட்டாள். எதிரே கண்ணாடிக்குள் இருந்த பழைய ஜாடியைப் பார்த்தார். அது காலி. அதற்குள் எதுவும் இல்லாததால்தான் அதற்கு எந்தப் பிரச்சினையும் இல்லை என்று தோன்றியது. மூன்றாம் நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

அன்று வானம் கழுவி விட்டாற்போல் இருந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஜாடியின் முன் நின்றார். முறை எதுவும் தெரியாது. ஆனால் கையை உள்ளே விட்டதும் எல்லாம் வந்தது. எத்தனை வசந்தங்கள் அவர் மரமேடையில் அரைக்கண் மூடிப் படுத்திருக்க, பக்கத்தில் மிரான் இதைச் செய்திருக்கிறாள். கண்ணுக்குள் போனது எதுவும் வெளியே போகவில்லை போலிருக்கிறது. கரியை எடுத்து ஓரமாக வைத்தார். கட்டிகளை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினார். தட்டில் வைத்து உதிர்த்தார். இறுகியிருந்த இடத்தில் கொஞ்சம் சாறு விட்டுப் பிசைந்தார், எவ்வளவு என்று பார்க்காமல், அவள் விடுவதைப் போல. விரல் இடுக்கில் சோயா குழைந்தது. வெயில் முதுகில் விழுந்தது. துண்டுகள் பறந்தன. நேரம் போனதே தெரியவில்லை. நடுவில் ஒருமுறை திரும்பி, "மிரான், அந்தக் கரண்டி" என்று சொன்னார். சொல்லிவிட்டுத் தானே எழுந்துபோய் எடுத்து வந்தார்.

முடித்தபோது ஒரு ஜாடியில் விழுது, ஒரு ஜாடியில் சாறு. விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். கொஞ்சம் உப்புத் தூக்கல். மற்றபடி அது வீடுதான். இன்சிக் மரமேடையில் உட்கார்ந்து, மறைக்காமல் எல்லாவற்றையும் கோர்ட்டில் ஒப்புக்கொள்வது என்று தீர்மானித்தார்.

சமரசப் பேச்சுக்கான நாள் அடுத்த வாரமே வந்தது. சட்டம் தெரிந்த துணை வேண்டும் என்று இன்சிக் பாங் அக்காவைக் கூப்பிட்டார். கடையைப் பூட்டிவிட்டுத் தனியாக வருகிறேன் என்று அவள் பின்னால் வந்தாள். சின்ன அறை, வட்ட மேஜை, நடுவில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. சமரச அதிகாரி யொம் என்ற வயதான அம்மையார். வாயைத் திறப்பதில்லை என்றால் உட்காரலாம் என்று பாங் அக்காவுக்குச் சுவரோரம் ஒரு நாற்காலி காட்டினார்.

மிரான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். இன்சிக்குக்கு மூன்று மாதமாகப் பார்க்காத முகம். முடியைப் புதிதாகச் சுருட்டியிருந்தாள், அழகாக இருந்தது. யொசுவிலும் நன்றாகத்தான் சுருட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

யொம் அம்மையார் வழக்கமான கேள்வியிலிருந்து தொடங்கினார். இடைக்கால உத்தரவை இருவரும் கடைப்பிடித்தீர்களா என்று கேட்டார். இன்சிக் எழுந்து நின்றார். உட்கார்ந்தே பேசலாம் என்று சொன்னதைக் கேட்கவில்லை.

குடைத் தண்ணீர் ஜாடிக்குள் போனதைச் சொன்னார். கறுத்த சுவரைச் சொன்னார். அழுகிய செடிக்குப் பதில் அதே மாதிரி செடி வாங்கி வைத்ததையும், அது அதே மாதிரி இல்லை என்பதையும் சொன்னார். உப்பு, முட்டை, கெட்டில் எதையும் விடவில்லை. யொம் அம்மையார் எழுதுவதற்காக எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மிரான் தலையைக் குனிந்திருந்தாள், தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று இன்சிக்கால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எல்லாத்துக்கும் மேல, போன வாரம் ஜாடியைப் பிரிச்சேன்மா. வேணும்னேதான் பிரிச்சேன். அவ இருந்திருந்தா அன்னைக்குத்தான் பிரிச்சிருப்பா." அவருடைய குரல் இறங்கியது. "வீடு சும்மா விட்டா அப்படியே இருக்கும்னு நினைச்சிருந்தேன். அது ஒரு நாள்கூட அப்படி இருக்கறதில்ல. இவதான் இத்தனை வருஷமா அதை அப்படியே வச்சிருந்திருக்கா. நான் பக்கத்துல படுத்துக்கிட்டு மேகம் பார்த்தேன். விவாகரத்து குடுக்கறதா இருந்தா குடுத்துடுங்க. ஆனா சாறை மட்டும் அவ எடுத்துக்கணும். நல்லா வந்திருக்கு."

மிரான் தலையை நிமிர்த்தினாள்.

"கட்டியை உதிர்க்கறப்போ சாறு விட்டுப் பிசைஞ்சீங்களா?"

"விட்டேன்."

"எவ்வளவு?"

"தெரியல. நீ விடற மாதிரி விட்டேன்."

மிரான் பெட்டியிலிருந்து ஒரு கைக்குட்டையை இழுத்தாள். ஒன்று போதவில்லை, இன்னொன்றையும் இழுத்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, யொம் அம்மையாரிடம் மிகத் தெளிவான குரலில், விவாகரத்து வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னாள். தாமரைக் குளத்தை வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள். இன்சிக் உட்கார்ந்தார், நாற்காலியின் ஓரத்தில்.

"ஆனா ஒண்ணும்மா" என்றாள் மிரான். "வழக்குத்தான் வேண்டாம். அந்த இடைக்கால உத்தரவு மட்டும் அப்படியே இருக்கட்டும். அவர் இவ்வளவு செஞ்சிருக்காருன்னா அதுதான் காரணம். அதை நிரந்தரமா ஆக்க முடியுமா?"

யொம் அம்மையார் காகிதத்தை எடுத்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார், அங்கே ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"எதைம்மா நிரந்தரமா ஆக்கறது? இதுல ஒரே ஒரு வரிதான் இருக்கு. வழக்கு முடியறவரைக்கும் கணவர் வீட்டை விக்கவோ அடகு வைக்கவோ கூடாது. ஜாடி, தரை, செடி, அந்த நிமிஷமே விவாகரத்து, இதெல்லாம் எந்தக் கோர்ட்டும் எழுதாதே. யாரு இதை உங்களுக்குப் படிச்சுச் சொன்னது?"

இன்சிக் மெல்லச் சுவரோரம் திரும்பினார். மிரான் அவருக்கு முன்பே திரும்பியிருந்தாள். பாங் அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முகத்தில் வெட்கத்தின் சாயல்கூட இல்லை.

"ரெண்டு பேருக்கும் நான்தான் படிச்சேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? யொசுவுக்குப் போறேன்னு படியிறங்கினவ நேரா என் கடைப் பின்னறையில போய்ப் படுத்தா, மூணு மாசமாச்சு, எந்திரிக்கிற வழியைக் காணோம், எனக்கு இருக்கறதே ஒத்தைக் கட்டில்."